பாதியில் நிறுத்திய ஓட்டம்

அந்த ஓட்டத்தை நடத்தலாம் என்று முதலில் சொன்னவர் எங்கள் கீழ்வீட்டு அண்ணாச்சி. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, நடை மெல்ல ஓட்டமாக மாறிவிட்டவர். அவரோடு நாங்கள் ஏழெட்டுப் பேர் விடிகாலையில் மந்தைவெளித் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தோம். முடித்ததும் முனை டீக்கடையில் நின்று கொஞ்ச நேரம் பேசுவோம். அங்கேதான் ஒருநாள் ஆரம்பித்தார்.

"பீச்சுல வைக்கான், ஓஎம்ஆர்ல வைக்கான். நம்ம தெருவுல நாமளே ஒண்ணு வச்சா என்ன? வாசல்லயே ஓட்டம்னா வீட்டுக்குள்ள கிடக்கிற பொம்பளைங்களும் ஓடி வருவாங்கல்லா?"

எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் டீயைக் குடிப்பதில் மும்முரமானார்கள். நான்தான் சொன்னேன்: "நான் பாத்துக்கறேன்."

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. நான்கு மாதங்களுக்கு முன்புதான் என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். பத்தொன்பது வருடம் வேலை பார்த்த கம்பெனி. ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, அரை மணி நேரம் தன்மையாகப் பேசி, லேப்டாப்பையும் கழுத்து அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். கணவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். தினமும் ஒன்பதரை மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மகனுடைய பழைய லேப்டாப் முன்னால் உட்கார்வேன். வேலைக்கு விண்ணப்பிப்பேன். நாற்பத்தேழு வயது என்றதும் பதில் வராது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது அலுப்பாக முகத்தை வைத்துக்கொள்ளக்கூடப் பழகியிருந்தேன்.

அதனால் அந்த ஓட்டம் எனக்கு வெறும் ஓட்டமாக இல்லை. அது நன்றாக நடந்துவிட்டால் நான் இன்னும் எதற்காவது உதவுகிறவள் என்று ஆகும். அப்படி ஒரு பேராசையோடுதான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து கிலோமீட்டர். மாநகராட்சி விளையாட்டுத் திடலில் தொடங்கி, எங்கள் தெருக்களைச் சுற்றி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் போய், திரும்பத் திடலுக்கே வர வேண்டும். வரைபடம் போட்டு, தெருக்களின் பெயரை வரிசையாக எழுதிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு பக்கம் மெட்ரோ வேலை, ஒரு பக்கம் மழைநீர் வடிகால் வேலை. இருக்கிற ரோட்டையே காணோம். நீங்க அதுல ஓடப் போறேங்கறீங்க."

ஆனாலும் நல்ல மனிதர். பேனாவை எடுத்து மூன்று தெருக்களை அடித்துவிட்டு, வேறு இரண்டைக் காட்டினார். போக்குவரத்துப் பிரிவுக்கு ஒரு மனு, மாநகராட்சிக்கு ஒரு மனு என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு ஒரு மாதம் நான் மனுக்களோடுதான் வாழ்ந்தேன். வீட்டுக்காரர்களிடம் போய் அந்த ஒரு காலை மட்டும் காரைத் தெருவில் நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சினேன். பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில், "ஓடணும்னா மெரினாவுக்குப் போங்களேன்" என்றார்கள்.

ஓட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, எங்கள் பாதையில் இருந்த ஒரு குறுக்குத் தெருவின் மேற்கு முனையை வடிகாலுக்காக வெட்டிவிட்டார்கள். இந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான, ஒடுக்கமான தெரு. கிழக்கு முனை பஸ் போகும் சாலையில் திறக்கும். மேற்கு முனையில் இப்போது ஆளுயரப் பள்ளம். பள்ளத்தின் மேல் ஓர் இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம், வண்டி எதுவும் போகாது. மாற்றுப் பாதை தேடினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் பஸ் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "தகட்டு மேல ஓடிப் போயிரலாம் தங்கச்சி. ஒண்ணும் ஆகாது" என்றார். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை வரை அனுமதிக் கடிதம் கைக்கு வரவில்லை. ஞாயிறு காலை யாரோ பெரிய மனிதர் அந்தப் பக்கம் போகிறார், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தின் நடைவழியில் காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். முந்நூறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பனியன் அச்சாகி வந்துவிட்டது. என் போனில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது, "மேடம், கன்ஃபார்ம்தானே?" என்று கேட்டபடி இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கன்ஃபார்ம் என்று பதில் போட்டேன். இதுவும் போய்விட்டால் வீட்டுக்குத் திரும்பி அந்த அறைக்குள் போக முடியாது என்று தோன்றியது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நாலரை மணிக்குக் கடிதம் கொடுத்தார்கள். நிபந்தனைகள் இருந்தன. ஏழே காலுக்குள் முடிக்க வேண்டும். திடலில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். ஆம்புலன்ஸ் இல்லாமல் ஓட்டம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் வாலண்டியர்களைக் கூட்டி, ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். யார் எந்த முனையில் நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். அந்த ஒடுக்கமான தெருவின் கிழக்கு முனையைப் பக்கத்துத் தெருவில் இருக்கும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவிடம் ஒப்படைத்தேன். ஒழுங்கானவர், சொன்னதைச் சொன்னபடி செய்வார். அவருடைய தாளில் நான் எழுதியது இது: "ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் கயிறு கட்டவும். எந்த வண்டியையும் உள்ளே விட வேண்டாம். யார் கேட்டாலும், சுற்றிக்கொண்டு போகச் சொல்லவும்."

அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

ஞாயிறு காலை திடல் நிறைந்துவிட்டது. மயிலாப்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அடையாறிலிருந்து ஓட்டக் குழு ஒன்று கையில் பெரிய கடிகாரங்களோடு வந்திருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூ போட்ட பெண்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அண்ணாச்சி அவர்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

ஆறு இருபதுக்கு விசில் ஊதினோம். அண்ணாச்சி கடைசியில், மெல்லப் போகும் பெண்களோடு ஓடினார். கடைசி ஆள் திடலை விட்டுப் போனதும் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. ஒரு நிமிடம் இருக்கும். போன் அடித்தது.

வங்கி அம்மா. குரல் உடைந்திருந்தது. "ஒரு ஆம்புலன்ஸ் வந்துதும்மா. நான் உள்ள விடலை. சுத்திண்டு போங்கோன்னுட்டேன். இப்ப ஒரு பொண்ணு தெருவுல ஓடி வந்து கத்தறா. அவ ஆத்துக்காரருக்கு நெஞ்சு வலியாம். அந்த வண்டி அந்தப் பக்கம் பள்ளத்துக்கிட்ட போய் மாட்டிண்டுடுத்தாம். நீங்க எழுதியிருந்தேளேன்னு..."

"எப்ப வந்துது?"

"பத்து நிமிஷம் ஆச்சு. இல்ல, ஜாஸ்தி. தெரியலையே."

போனைப் பிடித்தபடியே எங்கள் ஆம்புலன்ஸை நோக்கி ஓடினேன். ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பேசிய விதத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஏறினார். வாசலில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் வண்டியை மறித்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நொடி யோசித்தார். "போங்க. ஆனா வண்டி போயிட்டா ஓட்டமும் இல்ல, மேடம். அது தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். ஆனால் அந்த நேரத்தில் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கயிறு கீழே கிடந்தது. வங்கி அம்மா அதன் பக்கத்திலேயே, நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். தெருவின் நடுவில் நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்ட ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், வண்டியைப் பார்த்ததும் முன்னால் ஓடினாள். "ரெண்டாவது மாடி. லிஃப்ட் இல்ல. வேர்த்துக் கொட்டறது அவருக்கு. சீக்கிரம் வாங்கோளேன்!"

ஸ்ட்ரெச்சர் படிக்கட்டில் திரும்பாது என்று ஆம்புலன்ஸ் உதவியாளர் சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். அவரும் ஓட்டுநரும் மேலே ஓடினார்கள். நான் திரும்பித் தெருமுனையைப் பார்த்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. அடையாறு குழுவின் முதல் ஆட்கள் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் பள்ளம். வண்டி வந்த வழியாகத்தான் பின்னால் எடுத்து வெளியே போக வேண்டும். அந்த வழியில் முந்நூறு பேர் வரப்போகிறார்கள்.

முனைக்கு ஓடி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றேன். "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினேன். நிற்கவில்லை. பாதிப் பேர் காதில் பாட்டு. என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒருவர், "சூப்பர் மேடம்!" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு என் கைக்கு அடியில் குனிந்து போனார். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். விசிலை ஊதினேன். விசில் சத்தம் கேட்டு இன்னும் வேகமாக ஓடினார்கள். முப்பது நாற்பது பேர் உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் வண்டியைச் சுற்றி இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு தகட்டை நோக்கிப் போனார்கள். சாலையில் திருப்பம்வரை ஒரே நீலப் பனியன்களாகத் தெரிந்தது. எல்லாம் நான் வரவழைத்த ஆட்கள். நான் யாரோ ஒருவரின் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அவர் என்னை முறைத்தார். வாய் திறந்தால் அழுகைதான் வந்தது.

அப்போது ஒரு ஆட்டோ சீறிக்கொண்டு வந்து, தெருமுனையின் குறுக்கே நின்றது. முனை ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர். ஞாயிற்றுக்கிழமைச் சவாரி கெட்டுப்போகிறது என்று முந்தின நாள்தான் என்னைத் திட்டியிருந்தார். வண்டியை விட்டு இறங்கி என்னிடம், "யக்கா, நீ ஓரமா நில்லு" என்றார். பிறகு ஓடி வந்தவர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"டேய், நில்லுங்கடா! இன்னா அவசரம்? உள்ள ஒரு ஆளு உசுருக்குப் போராடிக்கினு கீறான். எல்லாம் ஓரம் போ! காதுல கீறத கழட்டு!"

அது கேட்டது. முன்னால் வந்தவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் மோதி நின்றார்கள். உள்ளே போயிருந்தவர்களில் சிலர் விஷயம் புரிந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் நாற்காலியைப் பிடிக்க மாடிப்படி ஏறினார்கள்.

அவரைக் கீழே கொண்டுவந்தபோது பார்த்தேன். என் வயதுகூட இருக்காது. பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் நிறம். கண் திறந்திருந்தது, சுற்றி நின்ற இத்தனை பேரையும் பார்த்து ஒன்றும் புரியாமல் விழித்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினாள். ஆட்டோக்காரர் ஆட்டோவைத் தள்ளிப் பின்னால் எடுத்தார். ஆம்புலன்ஸ் போனது.

வண்டி போன பிறகும் யாரும் நகரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒருவாறு குரலைத் திரட்டிக்கொண்டு சொன்னேன்: "ஓட்டம் இதோட முடிஞ்சுது. ஆம்புலன்ஸ் இல்லாம நடத்தக் கூடாதுன்னு உத்தரவு. தயவுசெஞ்சு நடந்து திடலுக்குத் திரும்பிப் போங்க."

சிலர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்கள். சிலர் அங்கேயே நின்று சண்டை போட்டார்கள். "இதுக்கா மூணு மணிக்கு எழுந்து வந்தோம்?" என்று ஒருவர் கேட்டார். "ஒரு பிளான் வேணாமா?" என்றார் இன்னொருவர். அவர் கேட்டது சரிதான்.

கடைசியாக, மெல்ல ஓடும் பெண்களோடு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். கூட்டம் திரும்பி வருவதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னேன். சுற்றிலும் பார்த்தார். "அவரு போயிட்டாருல்லா. இனி மிச்சப் பேரை ஓட விடலாமே. இன்னும் அரை மணிதானே, தங்கச்சி? இவங்க வாழ்க்கையில முத தடவையா ஓடுதாங்க" என்றார். நான் முடியாது என்றேன். அவர் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பி, "வாங்க, நடப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

நான் திடலுக்குப் போகவில்லை. அந்த ஆட்டோவிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடையாறில். இறங்கும்போது ஆட்டோக்காரர், "ஆளு பொழச்சுக்குவாரு, போ" என்றார்.

அந்தப் பெண் இருதயப் பிரிவின் வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். செருப்பு போடாமல் வந்திருந்தாள். உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள், இரத்தக் குழாயில் அடைப்பு என்கிறார்கள் என்றாள். பிறகு என் பனியனைப் பார்த்தாள். அதில் ஓட்டத்தின் பெயர் இருந்தது.

"முதல்ல வந்த வண்டியை ஏன் உள்ள விடலை? எனக்கு அதுதான் புரியலை. அந்த மாமி ஏன் அப்படிப் பண்ணினா?"

அந்த நேரத்தில் எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. மாமி பயந்துவிட்டார், புரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அவங்க மேல தப்பு இல்ல. எந்த வண்டியையும் விடக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்தது நான்தான். ஆம்புலன்ஸ் வந்தா விடணும்னு எழுத மறந்துட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"மறந்துட்டேளா?"

நான் நின்றேன். "இப்பப் போங்கோ" என்றாள். நான் படி இறங்கி, வாசலில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவும் முடியவில்லை, வீட்டுக்குப் போகவும் முடியவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயத்தின் ஒரு பகுதி சரியாக வேலை செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். சீக்கிரம் வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்குமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். அதையெல்லாம் அப்படிச் சொல்ல முடியாது என்றார். தப்பியிருக்காது என்று அவர் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வங்கி அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவர் மகள் போன் செய்தாள். நேரில் போனேன். அந்தத் தாளை மேசை மேல் விரித்து வைத்திருந்தார். அதை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டு, இது என் எழுத்து, உங்களுடையது இல்லை என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சிவப்பு விளக்கு சுத்திண்டு நிக்கற வண்டி. என் கண்ணுக்குத் தெரிஞ்சுதே. நானா யோசிச்சிருக்க வேண்டாமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அண்ணாச்சி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஒரு காலை ஓட்டம் முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனதை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததை, இந்த ஓட்டத்தை எதற்காகப் பிடித்துக்கொண்டேன் என்பதை. அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்மகிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?" என்றார். பிறகு, "அந்தப் பொம்பளைங்க மறுபடி எப்பன்னு கேக்காங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

அதன் பிறகு ஆறேழு மாதம் ஆகியிருக்கும். மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியில் காய் வாங்கப் போயிருந்தேன். எதிரே அவர்கள் இருவரும் வந்தார்கள். அவர் இளைத்திருந்தார், மெல்ல நடந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அதற்குள் அவர் கண்டுகொண்டார்.

"நீங்கதானே அந்த ஓட்டம் நடத்தினேள்? அன்னிக்குத் தெருவுல உங்க முகத்தைப் பாத்த ஞாபகம். இவகிட்ட கேட்டுண்டே இருந்தேன், யாரு யாருன்னு." கைகூப்பினார். "உங்க ஆம்புலன்ஸ் மட்டும் வரலைன்னா நான் இன்னிக்கு இங்க நிக்க மாட்டேன். எனக்காக ஓட்டத்தையே நிறுத்தினேளாமே."

அவர் மனைவி பக்கத்தில் நின்று, கூறு கட்டி வைத்திருந்த கொத்தவரங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இல்ல சார், அதுக்கு முன்னால வந்த வண்டி..." என்று ஆரம்பித்தேன்.

"நாழியாறது, வாங்கோ" என்றாள் அவள், அவரிடம். அவர் முழங்கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி அழைத்துக்கொண்டு போனாள்.

அவரிடம் அவள் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. நோயாளியின் மனம் கலங்கக் கூடாது என்று இருக்கலாம். என் மேல் இரக்கம் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவர்கள் வீட்டு மணியை அடித்து, அவரிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று பல காலைகளில் அந்த வாசல்வரை போயிருக்கிறேன். சொன்னால் பாரம் இறங்குவது எனக்குத்தான். அவருக்கும் அவளுக்கும் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் வாசலோடு திரும்பிவிடுகிறேன்.